பேரனுக்குப் போட்டாச்சு, அப்பச்சிக்கு?

கேள்வி: பேரனுக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா ஊசி போட்டார்கள். தை மாதம் வீட்டில் என் கணவருக்குப் பீமரத சாந்தி (70 வயதுச் சடங்கு) வருகிறது. "கூட்டம் கூடுமுன் அப்பச்சிக்கும் அதைப் போட்டுவிடுங்கள்" என்று சிங்கப்பூரிலிருந்து மகன் சொல்கிறான். அவர்களுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. குழந்தை ஊசி பெரியவருக்கு எதற்கு?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மகன் சொல்வதுதான் சரி ஆச்சி. நிமோகாக்கஸ் என்ற கிருமி சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும், பேரனைத் தூக்கிக் கொஞ்சும்போது அவன் ஒரு தும்மல் போட்டால் போதும், அப்பச்சியிடம் வந்துவிடும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்கு இந்த ஊசி 2021 முதல் நாடு முழுவதும் இலவசம்: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். பெரியவர்கள் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதனாலோ என்னவோ அவர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்துவதே இல்லை.

65 தாண்டிய எல்லோருக்கும் இது வேண்டும் (அமெரிக்காவில் 2024-ல் 50 வயதுக்கே இறக்கிவிட்டார்கள்). அதற்குக் கீழே என்றாலும் சர்க்கரை, இதய நோய், நாள்பட்ட மூச்சிரைப்பு, சிறுநீரக, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மண்ணீரலை எடுத்தவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட் விடாதவர்களும்தான்!

எந்த ஊசி என்று கேட்பீர்கள். இந்தக் கிருமியில் 100 வகைக்கு மேல் உண்டு, அதில் எத்தனை வகையைத் தடுக்கிறதோ அந்த எண்ணைச் சொல்லித்தான் ஊசியையும் குறிப்பிடுவார்கள். 20 வகை ஊசி கிடைத்தால் ஒன்றே போதும். 13 போட்டால் ஒரு வருடம் கழித்து 23 போட வேண்டும். ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதனால் பலகாரத்துக்கு ஆள் சொல்வதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான். ஆனால் எல்லா நிமோனியாவையும் இது தடுத்துவிடாது, வைரஸால் வருவது வேறு.

கேள்வி: வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடுகிறேன். அது போதாதா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: போதாது. அது வேறு கிருமிக்கு. ஃப்ளூ வந்து நுரையீரல் சோர்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் நிமோகாக்கஸ் உள்ளே புகும். இரண்டையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம்.