வாசகர் கேள்வி – பதில்: பலகையில் எழுதப்பட்டது வானமா?

சென்ற இதழில் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. யாராலும் இன்னும் படிக்கப்படாத அந்த எழுத்தில் அமைந்த மரப்பலகை ஒன்றின் குறிகளை வரிசையாக எண்ணினால் ஓராண்டின் நாள்கள் கிடைக்கின்றன என்றும், சில குறிகள் குறிப்பிட்ட விண்மீன்களின் உதயத்தைக் காட்டுகின்றன என்றும் சிலர் கருதுவதாக அதில் கூறப்பட்டிருந்தது. அதையொட்டிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

படிக்கவே முடியாத எழுத்தில் வானத்தை மட்டும் எப்படிப் படித்தார்கள்? இதை நம்பலாமா?
— காரைக்குடி வாசகர்

படித்தார்கள் என்பதைவிடப் பொருத்திப் பார்த்தார்கள் என்று சொல்வதே சரியாக இருக்கும். ஆனால் வானத்தோடு பொருத்திய முயற்சிகள் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல. அவற்றுள் ஒன்றை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுள்ளனர். அது விண்மீன்களைப் பற்றியது அன்று, நிலவைப் பற்றியது.

ரோமில் உள்ள மாமரி என்ற பலகை நம் ஊர்க் கண்மாய்க் கரைகளில் நிற்கும் பூவரச மரத்தின் இனத்தைச் சேர்ந்த கட்டையில் செதுக்கப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் தாமஸ் பார்த்தெல் 1958இல் வெளியிட்ட ஆய்வில், அதன் ஒரு பக்கத்தில் சில வரிகளில் பிறை வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதையும், அவற்றை ஒரே மாதிரியான குறித்தொடர் ஒன்று இடையிடையே பிரிப்பதையும் கவனித்து, அப்பகுதி ஒரு மாதத்தின் இரவுகளை எண்ணுகிறது என்று கூறினார். 1990இல் மொழியியலாளர் ழாக் கீ அதை மேலும் நுணுகி ஆராய்ந்தார். பிரிக்கும் தொடர்களில் தொங்கும் மீன் வடிவம் ஒன்று உண்டு. முழுநிலவுக்கு முன் வரும் தொடர்களில் அந்த மீனின் தலை மேல்நோக்கியும், பின் வரும் தொடர்களில் கீழ்நோக்கியும் இருக்கின்றது. நடுவில் முழுநிலவின் இடத்தில் வரும் குறி, நிலவில் அமர்ந்து மண்ணடுப்பு மூட்டும் கிழவியைப் பற்றிய அத்தீவின் கதையோடு ஒத்துப்போகிறது. (நம் பாட்டி அங்கே வடை சுடுகிறாள், அவர்கள் பாட்டி அடுப்பைத்தான் மூட்டியிருக்கிறாள்.) எல்லாவற்றுக்கும் மேலாக, 1886இல் தீவுக்கு வந்த அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி வில்லியம் தாம்சனும், 1934இல் வந்த மானிடவியலாளர் அல்ஃப்ரெட் மெத்ரோவும் தீவு மக்களிடம் கேட்டு எழுதிவைத்த இரவுப் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. பலகையைப் பார்க்காமல் திரட்டப்பட்ட அந்தப் பட்டியலும் பலகையில் உள்ள பிறைகளின் அடுக்கும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்பதால்தான் இக்கருத்து நிலைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த வரிகளை ஒரு சொல் விடாமல் வாய்விட்டுப் படிக்க யாராலும் முடியாது. அது எதைப் பற்றிய பகுதி என்பது மட்டுமே தெரியும்.

ஆண்டுக் கணக்கும் விண்மீன் உதயமும் இந்த உறுதியைப் பெறவில்லை. முதல் தடை எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ரொங்கோரொங்கோவில் இரண்டு மூன்று வடிவங்களை ஒட்டி ஒரே குறியாகச் செதுக்கும் பழக்கம் மிகுதி. பார்த்தெலின் பட்டியலில் சுமார் 600 குறிகளுக்கு எண்கள் உள்ளன. 2007இல் பொஸ்த்னியாகோவ் தந்தையும் மகனும் அடிப்படைக் குறிகள் ஏறக்குறைய 52 மட்டுமே என்றனர். எங்கே வெட்டுவது என்பதிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, கூட்டுக்குறிகளைச் சில இடங்களில் பிரித்தும் சில இடங்களில் சேர்த்தும் எண்ணுகிறவர் விரும்பினால் நிலவாண்டின் 354ஐயும் அடையலாம், சூரிய ஆண்டின் 365ஐயும் அடையலாம்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. லெனின்கிராடு மாணவர் போரிஸ் குத்ரியாவ்ட்செவ், தம் நகர அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு பலகைகளும் சிலி நாட்டின் சாந்தியாகோவில் உள்ள ஒன்றும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத் தாங்கியிருப்பதைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரில் அவர் இறந்த பின்னரே அது அச்சானது. இந்த மூன்று படிகளிலும் ஒன்றில் சேர்ந்திருக்கும் குறி மற்றொன்றில் பிரிந்திருக்கிறது. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் விடுபட்டிருக்கிறது. ஒரு குறிக்கு ஒரு நாள் என்று வைத்தால் ஒவ்வொரு படியிலும் ஆண்டு வெவ்வேறு நீளமுடையதாகிவிடும். எழுதியவர்களுக்கு அந்த வேறுபாடு பொருட்டாகத் தோன்றவில்லை என்றால், அவர்கள் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்றே நான் கருதுவேன்.

இரண்டாவது தடை விண்மீன். நாம் கார்த்திகை என்று அழைக்கும் கூட்டத்தைப் பாலினீசிய மக்கள் பலரும் ஆண்டின் தொடக்கத்தோடு இணைத்தார்கள். ஆனால் ஒரே விதமாக இணைக்கவில்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள், மத்தாரிக்கி எனப்படும் அக்கூட்டம் ஜூன், ஜூலையில் விடியலுக்கு முன் மீண்டும் தென்படுவதை எடுத்துக்கொண்டனர். 2022 முதல் அந்நாட்டில் அதற்கு அரசு விடுமுறை உண்டு. ஹவாய் மக்களோ நவம்பரில் அது மாலையில் கிழக்கே எழுவதை எடுத்துக்கொண்டனர். ஈஸ்டர் தீவிலும் அதன் பெயர் மத்தாரிக்கிதான். ஆனால் ஆறேழு விண்மீன்களின் கூட்டத்தை எந்தக் குறி சுட்டும், எந்த உதயத்தைச் சுட்டும் என்று தேடத் தொடங்கினால், பறவையும் ஆமையும் மனித உருவமும் நிறைந்த அந்த எழுத்தில் எந்தக் குறிக்கும் ஏதேனும் ஒரு விண்மீன் அகப்பட்டுவிடும். மறுக்கவே முடியாதபடி அமைந்த விளக்கத்தை நிறுவவும் முடியாது.

எங்கள் வீட்டுப் பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையில் தொடங்கிச் சதயத்தில் முடிகிறது. அதை யாரும் கல்வெட்டில் எழுதிவைக்கவில்லை. வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் நாங்கள் நோன்புக்கு எடுத்துவைக்கும் நூல் இழைகளை மட்டும் பார்த்தால் அதிலுள்ள வானத்தைக் கண்டுபிடிப்பாரா?
— தேவகோட்டை வாசகி

அருமையான கேள்வி. 21 இழைகள் மட்டும் கிடைத்தால் கண்டுபிடிக்க மாட்டார். 21 என்ற எண்ணுக்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனால் நாளுக்கு ஓர் இழை என்பதும், தொடக்கம் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிய பௌர்ணமி என்பதும், முடிவில் சஷ்டியும் சதயமும் கூட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவந்தால் கணக்கு தானாகத் திறந்துகொள்ளும். நட்சத்திர வரிசையில் கார்த்திகை மூன்றாவது, சதயம் இருபத்து நான்காவது, இடைவெளி 21. பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை 15 திதிகள், அதன்மேல் சஷ்டி வரை 6, அதுவும் 21. திதி ஒரு நாளைவிடச் சற்றுக் குறைந்தது, நிலவு ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நாளைவிடச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே இரண்டும் ஒரே நாளில் அமைவதற்குச் சில ஆண்டுகளில் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இழை, திதி, நட்சத்திரம் என்று தனித்தனியே ஓடும் மூன்று கணக்குகள் ஒரு புள்ளியில் சந்திக்கும்போது தற்செயல் என்று தள்ள இயலாது.

ஈஸ்டர் தீவில் இழந்தது, இழைக்குப் பொருள் சொல்லும் இந்த இரண்டாம் பாதியைத்தான். 1862இல் தொடங்கிப் பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் தீவினரைப் பிடித்துச் சென்றனர், பின்பு பெரியம்மை பரவியது, எழுத்தறிந்தோர் அற்றுப்போயினர். யூஜீன் எய்ரோ என்ற சமயப் பணியாளர் 1864இல் வீடுதோறும் பலகைகள் இருந்ததாக எழுதினார். இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை சுமார் 25 மரப்பொருள்களே, தீவில் ஒன்றுமில்லை. தாகித்தித் தீவில் இருந்த ஆயர் ழோசான், மெத்தோரோ என்ற தீவுக்காரரிடம் பலகைகளைக் கொடுத்துப் பாடச் சொன்னபோது, மாமரியின் நிலவுப் பகுதியையும் அவர் பாடினார்; ஆனால் அது நாள்கணக்கு என்பதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. நோன்பை அறியாதவர் கையில் இழை கிடைத்த நிலைதான் அது.

சிந்துவெளி எழுத்திலும் மீன், மாமரியிலும் மீன். மீன் என்றால் விண்மீன் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— கானாடுகாத்தான் வாசகர்

இல்லை. இரண்டு எழுத்துகளும் ஒத்திருக்கின்றன என்று 1932இல் ஹெவேஷி என்பவர் சொன்னது அப்போது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒப்பீட்டுக்கு வரைந்த படங்கள் மூலத்துக்கு உண்மையாக இல்லை என்று மெத்ரோ காட்டிவிட்டார். இடையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கால இடைவெளி வேறு. ஈராஸ் பாதிரியாரும் அஸ்கோ பர்போலாவும் சிந்துவெளி மீனை விண்மீனாகக் கொண்டது, திராவிட மொழியில் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதை நம்பித்தான். ஈஸ்டர் தீவின் மொழியில் மீன் ‘இக்கா’, விண்மீன் ‘ஹேத்துஉ’. அந்தச் சிலேடை அங்கே செல்லாது.

ஐரோப்பியர் எழுதுவதைப் பார்த்துத்தான் ஈஸ்டர் தீவினர் எழுதக் கற்றார்கள் என்கிறார்களே?
— பள்ளத்தூர் வாசகர்

தீவுக்கு ஐரோப்பியர் முதலில் வந்தது 1722 ஈஸ்டர் நாளன்று. 1770இல் ஸ்பானியர் ஓர் ஆவணத்தில் தீவினரைக் குறியிடச் செய்தனர். அதைக் கண்டே எழுத்து பிறந்தது என்போர் உண்டு. 2024இல் வெளியான கார்பன் காலக்கணிப்பில், ரோமில் உள்ள நான்கு பலகைகளில் மூன்றின் மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. நான்காவதன் மரம் 1493க்கும் 1509க்கும் இடைப்பட்டது. இது மரம் வெட்டப்பட்ட காலமே ஒழியச் செதுக்கப்பட்ட காலம் அன்று. பழைய கட்டையை எடுத்துப் பின்னர் செதுக்கியிருக்கவும் கூடும். எனினும் அந்த ஒரு பலகை, எழுத்து தீவிலேயே தோன்றியது என்பவர்களின் பக்கத்தை முன்னைவிட வலுப்படுத்தியிருக்கிறது.