நிலாவின் விளிம்பில் ஊதா: டெலஸ்கோப்பில் பழுதா?

கேள்வி: மகளுக்காக 70 மி.மீ. லென்ஸும் 400 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டெலஸ்கோப் வாங்கினேன். நிலாவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஊதா நிறம் கசிகிறது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 130 மி.மீ. ஆடி (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) வைத்த டெலஸ்கோப் வாங்கலாமா?

பதில்: பழுது இல்லை. கண்ணாடியின் சுபாவமே அது. லென்ஸுக்குள் நுழையும் ஒளியில் நீலம் அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. விலகி நிற்பதுதான் ஊதாவாகத் தெரிகிறது. இருவகைக் கண்ணாடிகளை இணைத்த அக்ரோமேட் லென்ஸ் இதைக் குறைக்குமே தவிர, ஒழிக்காது. உங்களுடையதைப் போலக் குட்டையான குழாயில் ஊதா தூக்கலாகவே இருக்கும்.

முதலில் முன்பக்க மூடியைப் பாருங்கள். சில மூடிகளின் நடுவே இன்னொரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு நிலாவைப் பாருங்கள். ஊதா சட்டென்று அடங்கும். நுணுக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் நிலாவுக்கு வெளிச்சப் பஞ்சம் இல்லை.

ஆடியில் ஒளி கண்ணாடிக்குள் போவதே இல்லை. மேற்பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அதனால் நிறம் பிரியாது. நியூட்டன் 1668-இல் ஆடித் தொலைநோக்கி செய்ததற்குக் காரணம் இதுவே. லென்ஸை விளிம்பில் மட்டுமே பிடிக்க முடியும். பெரிதானால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். 1897-இல் திறந்த அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குல லென்ஸோடு, மேலும் பெரிய லென்ஸ் செய்யும் போட்டி ஏறக்குறைய நின்றுபோனது. ஆடியை முதுகுப்பக்கமும் தாங்கலாம். நம் காவலூர் வானாய்வகத்தில் இருப்பது 2.34 மீட்டர் ஆடி.

130 மி.மீ. வாங்கினால் மூன்று மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கும். ஆனால் ஆடி பரவளைய வடிவமா (ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவு) என்று கேட்காமல் வாங்காதீர்கள். குட்டைக் குழாயில் பந்தின் ஒரு துண்டு போல வளைந்த கோள ஆடி இருந்தால் எப்படித் திருகினாலும் படம் கூர்மையாகாது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி விளிம்பில் சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகியதற்கே படங்கள் மங்கின. பெட்டியில் 500 மடங்கு உருப்பெருக்கம் என்றிருந்தால் நம்பாதீர்கள், 130 மி.மீ.க்கு 260 மடங்கே உச்சம்.

மகள் சிறுமி என்றால் 70-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தூக்கிப்போய் வைத்தவுடன் பார்க்கலாம்; சனியின் வளையமும் தெரியும். ஆடிக் கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிட வேண்டும்; உள்ளே இருக்கும் பெரிய, சின்ன ஆடிகள் இரண்டையும் அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். அதற்குப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நடுவில் நிறுத்தி, ஃபோகஸைச் சற்றே கலைத்துப் பாருங்கள். வளையங்களின் நடுவே இருண்ட வட்டம் தெரியும். அது ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், பெரிய ஆடியின் பின்னுள்ள திருகுகளை மெல்லத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.