ஆர்வி வாங்குவோர் கேள்விகளும் ஒரு முன்னாள் விற்பனையாளரின் பதில்களும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆர்வி எனப்படும், உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டிகளை விற்கும் ஒரு கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகள் கடன் பத்திரங்கள் கையெழுத்தாகும் பினான்ஸ் அறையில் கழிந்தன. அந்த அனுபவத்துக்கு உட்பட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கொலம்பஸ் வாசகர்: புதிய ட்ரெய்லரில் ஒட்டியிருக்கும் விலையிலிருந்து எவ்வளவு குறைப்பார்கள்?

அந்த விலை பேரத்தைத் தொடங்குவதற்காகவே எழுதப்படுகிறது. வேறு வண்டி இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் வகை ஆர்விகளில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை குறைவது எங்கள் தொழிலில் அன்றாட நடப்பு. முற்றத்தில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை டீலர் தன் கைப்பணத்தைப் போட்டு வாங்கியவை அல்ல; கடன் நிறுவனத்தின் பணத்தில் வந்திறங்கியவை. விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அடுத்த ஆண்டு மாடல் வந்து நிற்க, பழைய மாடலின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் போய்ப் பேசுங்கள். 2021இல் தொழிற்சாலைகளிலிருந்து 6,00,000க்குச் சற்று மேற்பட்ட வண்டிகள் வெளியேறின. அதுவே இதுவரையிலான உச்சம். அன்று வாடிக்கையாளர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிப் போனார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தபின், பேரம் பேசும் பலம் வாங்குபவர் கைக்கு வந்தது.

சிகாகோ வாசகர்: எந்த பிராண்ட் தரமானது?

அமெரிக்க ஆர்விகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. ஏர்ஸ்ட்ரீம், கீஸ்டோன், 2016இல் வாங்கப்பட்ட ஜேகோ ஆகிய மூன்றும் தோர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையில் இருக்கிறது. கிராண்ட் டிசைன் வின்னபேகோவுடையது. பெயர்ப் பலகைகள் வேறாக இருந்தாலும் அடிச்சட்டமும் அச்சும் குளிர்பெட்டியும் பெரும்பாலும் ஒரே சில உதிரிபாக நிறுவனங்களிலிருந்தே வருகின்றன. எனவே பெயரை விட்டுவிட்டு, உங்கள் கண்முன் நிற்கும் அந்த ஒரு வண்டியின் கூரையைப் பாருங்கள். கூரையைப் பற்றி இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

டாலஸ் வாசகர்: மாதம் 450 டாலர் தவணை என்கிறார்கள். எங்களால் முடியும்போல் இருக்கிறது. வாங்கலாமா?

பினான்ஸ் அறையில் நானும் இதே வாக்கியத்தைத்தான் வாடிக்கையாளர் வாயிலிருந்து வரவழைப்பேன். 50,000 டாலர் கடனை 9 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 450 டாலர். ஐந்து ஆண்டுகளில் 27,000 டாலர் கட்டியிருப்பீர்கள். அப்போதும் பாக்கி 44,000 டாலருக்கு மேல் நிற்கும். ஐந்து வயதான ட்ரெய்லருக்கு வாங்கிய விலையில் பாதி கிடைத்தாலே நல்ல விலை. விற்கப் போனால், மீதியைக் கைப்பணத்திலிருந்து கட்டிவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க முடியும்.

கூடத்தின் இலாபம் வண்டியின் விலையில் குறைந்தால் அதைப் பினான்ஸ் அறையில் மீட்டுக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற தம்பதி ஒருவருக்கு வண்ணப் பாதுகாப்புப் பூச்சு ஒன்றை 1,800 டாலருக்கு விற்றேன். "மாதம் பதினாறு டாலர்தான், அம்மா" என்றேன். அது இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,900 டாலர் ஆகும் என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அம்மையார் கையெழுத்திட்ட பேனாவை மூடி, என்னிடம் மரியாதையோடு நீட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது.

சான் ஹோசே வாசகர்: ஐயா, நீங்கள் கடனையே குற்றம் சொல்கிறீர்கள். ஆர்வியை இரண்டாம் வீடாகக் காட்டி வட்டியை வரியில் கழிக்கலாமே? கைப்பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாமே?

படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் வரித்துறை அதை வீடாக ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டு வரி கட்டுபவருக்கே அது பயன்படும். பெரும்பாலோர் பட்டியல் இல்லாமல் ஒரே தொகையாகக் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இதில் ஒரு காசும் கிடையாது. பங்குச் சந்தையைப் பொறுத்தவரை, கடனில் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை உண்மையிலேயே முதலீடு செய்த ஒரு வாடிக்கையாளரையும் நான் சந்தித்ததில்லை. அந்தப் பணம் ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியாக மாறிவிடும்.

அதே வாசகர்: எனக்கு 6 சதவீத வட்டிக்கே கடன் கிடைக்கிறது. அப்போதுமா?

தவணை 358 டாலராகக் குறையும். ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி ஏறத்தாழ 42,450 டாலர். உங்களுக்கு என்ன வட்டி என்று ட்ரெய்லருக்குத் தெரியாது. அது தன் போக்கில் விலை இறங்கிக்கொண்டிருக்கும். பத்து ஆண்டுக் கடனின் தவணையைக் கட்ட முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் சிறிய வண்டியைப் பாருங்கள்.

அட்லாண்டா வாசகர்: புது வண்டிக்கு எவ்வளவு தள்ளுபடி கேட்கலாம்?

முதல் பதிலில் இருக்கிறது.

ஹூஸ்டன் வாசகர்: மொன்டானாவில் ஒரு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கினால் விற்பனை வரி இல்லையாமே?

வரி வழக்கறிஞரைக் கேளுங்கள். அந்த யோசனையைச் சொன்ன விற்பனையாளரைக் கேட்காதீர்கள்.

டெட்ராய்ட் வாசகர்: என் பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. 7,600 பவுண்டு ட்ரெய்லர் போதும்தானே?

இழுத்துவிடும். ஆனால் ட்ரெய்லரின் எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 950 பவுண்டு, உங்கள் வண்டியின் முதுகில் அமரும். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும். அதிலிருந்து இந்த 950ஐயும் குடும்பத்தார் எடையையும் பின்னால் போடும் சாமான்களையும் கழித்துப் பாருங்கள். எங்கள் முற்றத்தில் எந்த விற்பனையாளரும் அந்தக் கதவைத் திறந்து காட்டமாட்டார்.

நியூ ஜெர்சி வாசகர்: பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கூரையைப் பாருங்கள். ஏணி வைத்து மேலே ஏறி, காற்றுப்போக்கிகளைச் சுற்றியுள்ள பசையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே வந்து, மேல் அலமாரிகளின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மழையில் ஊறிய அட்டைபோல் அமுங்கினால் வெளியே வந்துவிடுங்கள். வெளிச்சுவரின் ஃபைபர் தகடு பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்தால், உள்ளே நீர் புகுந்து பலகையிலிருந்து அது பிரிந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு வண்டியே வாங்கலாம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: புது வண்டிக்கு என்ன தள்ளுபடி…

முதல் பதில்.

நியூ ஜெர்சி வாசகர், மறுபடியும்: நீங்கள் சொன்னபடி ஏறிப் பார்த்தேன் ஐயா. கூரையில் வெடிப்பே இல்லை. எல்லா ஓரங்களிலும் புதிய வெள்ளைப் பசை பளபளவென்று இருக்கிறது. போன வாரம்தான் பூசியதாக உரிமையாளர் சொல்கிறார்.

போன வாரம் ஏன் பூசினார் என்று கேட்டீர்களா? மூலைகளை அழுத்திப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.