பி-மதிப்பைத் துருவுவது (p-hacking) என்றால் என்ன? ஆளுமை உளவியலில் அது ஏன் அடிக்கடி நடக்கிறது?

கையில் உள்ள தரவைப் பல விதமாக அலசிக்கொண்டே போய், 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்று ஏதாவது தேறியதும் அதை மட்டும் கட்டுரையில் எழுதுவதுதான் இது.

ஆளுமை ஆய்வில் இதற்கு வாய்ப்பு ஏராளம். ஆளுமையை அளக்கப் பயன்படும் 'ஐந்து பெரும் பண்புகள்' (Big Five; புறமுகத்தன்மை, பொறுப்புணர்வு போன்றவை) ஒரு பக்கம். தூக்கம், சம்பளம், மணமுறிவு என்று 20 விஷயங்கள் மறுபக்கம். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு பொருத்திப் பார்த்தால் 100 சோதனைகள். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் தேறியது என்ற வழக்கமான எல்லையில், உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும் சராசரியாக 5 தேறிவிடும். ஆண், பெண் என்று பிரித்தால் இன்னும் கூடும். நூறு மரத்தில் நூறு காக்கை உட்கார்ந்தால் நாலைந்து பனம்பழம் விழத்தான் செய்யும். விழுந்த மரத்தை மட்டும் காட்டினால் காக்கைதான் தள்ளியது என்று நம்பிவிடுவோம்.

பெரும்பாலும் இது மோசடி அல்ல, ஆர்வக்கோளாறு என்பது என் எண்ணம். எதைச் சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்ல கடிவாளம். துறை முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது: 2019-இல் வெளியான மறுசோதனையில் 78 தொடர்புகளில் சுமார் 87 விழுக்காடு மீண்டும் கிடைத்தன, வலு சற்றுக் குறைவாக.

பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவு 95 விழுக்காடு உண்மை என்று பலர் நினைக்கிறார்கள்; தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவோ இதைவிட அதிகமோ ஒரு தொடர்பு தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.