ஸ்டான்ஃபர்டின் புதிய பருவம் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணிக்கு டென்னிஸ் ஆடுகிறாள். ஸ்டான்ஃபர்ட் பெண்கள் அணி என்றால் அவளுக்கு உயிர். அந்த அணி 2019இல் கடைசியாக தேசியக் கோப்பையை வென்றது. அதோடு சரி. ஜனவரியில் புதிய பருவம் தொடங்குகிறது. வீட்டுக்காரர், "இனி ஜார்ஜியா, டெக்சாஸ் காலம்தான், பழைய பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்கிறார். மகளுக்கும் அவருக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டை. ஒன்றாம் கோர்ட்டில் ஆடுகிற பெண் எப்படி ஆடுகிறாள், அணி தரவரிசையில் எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் ஓர் அணியின் வாய்ப்பைச் சொல்லிவிடலாம் என்று நான் நினைக்கிறேன். சரியா? நீங்கள் கல்லூரி டென்னிஸ் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் அழைத்துப் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்?

எஸ்., சன்னிவேல்

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் மகள் கட்சி. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றாம் கோர்ட். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் ஓர் அணி ஆட்டத்துக்கு மொத்தம் 7 புள்ளிகள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். அதில் இரண்டை வெல்லும் அணிக்கு 1 புள்ளி. அப்புறம் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. 4 எடுத்தால் வெற்றி. ஒன்றாம் கோர்ட்டில் நாட்டின் மிகச் சிறந்த வீராங்கனை 6-0, 6-0 என்று ஜெயித்தாலும் ஒரு புள்ளிதான். ஆறாம் கோர்ட்டில் கடைசி ஆள் மூன்றாவது செட்டில் டைபிரேக் வரை இழுத்துக்கொண்டு போய் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளிதான்.

இதற்குச் சாட்சி வர்ஜீனியா. டேனியல் காலின்ஸ் அங்கே படித்தபோது 2014, 2016 இரண்டு ஆண்டுகளிலும், கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பிறகு 2022இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதி வரைக்கும் போனார். அவர் பட்டம் வென்ற அந்த இரண்டு ஆண்டுகளில் அணிக் கோப்பை யாருக்குப் போனது? 2014இல் யுசிஎல்ஏ, 2016இல் ஸ்டான்ஃபர்ட். அதே வர்ஜீனியாவின் எம்மா நவாரோ 2021இல் ஒற்றையர் பட்டம் எடுத்தார். அணிக் கோப்பை டெக்சாஸுக்குப் போனது. இத்தனை பெரிய ஆட்டக்காரர்களை வளர்த்த வர்ஜீனியா பெண்கள் அணிக்கு தேசிய அணிக் கோப்பை ஒன்றுகூட இல்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 2013இல் ஸ்டான்ஃபர்டின் நிக்கோல் கிப்ஸ் ஒற்றையர் பட்டம் வென்றார், அணியும் வென்றது. 2022இல் டெக்சாஸின் பெய்ட்டன் ஸ்டெர்ன்ஸ் விஷயமும் அப்படித்தான். ஒன்றாம் கோர்ட்டில் பெரிய ஆள் இருப்பது நிச்சயம் உதவும். ஆனால் அதை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் மீதி ஐந்து கோர்ட்டுகளும் இரட்டையர் புள்ளியும் கணக்கில் வராமலே போய்விடும்.

இங்கே இன்னொரு விதியும் உண்டு. வலிமை வரிசைப்படிதான் வீராங்கனைகளை நிறுத்த வேண்டும். பலவீனமான பெண்ணை ஒன்றாம் கோர்ட்டில் பலி கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் லாபம் பார்க்க முடியாது. அதனால் ஐந்தாம், ஆறாம் கோர்ட்டுகளில் யார் நிற்கிறார் என்பது அந்த அணி எவ்வளவு ஆழமானது என்பதை அப்படியே காட்டிவிடும். நல்ல அணிகளில் அங்கே நிற்கும் பெண் இன்னொரு கல்லூரிக்குப் போயிருந்தால் இரண்டாம் கோர்ட்டில் ஆடியிருப்பார். அங்கே பெரும்பாலும் பெற்றோரும் காத்திருக்கும் இரண்டு மூன்று அணித் தோழிகளும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கோர் 3-3 ஆகி மற்ற ஆட்டங்களெல்லாம் முடிந்துவிட்டால், மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் எழுந்து அந்த வேலிப் பக்கம் வந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் யாரும் கவனிக்காமல் ஆடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று முழு அணியையும் தன் தோளில் சுமக்க வேண்டும். கல்லூரி டென்னிஸில் எனக்குப் பிடித்த நேரம் அது. 2021 இறுதியில் பெப்பர்டைனுக்கு எதிராக 3-3 என்று நின்றபோது டெக்சாஸுக்காக அந்த நான்காவது புள்ளியை எடுத்தவர் லூலூ சன். மூன்று ஆண்டுகள் கழித்து நியூசிலாந்துக்காக ஆடி விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். அப்படி ஒரு நாளைத் தாண்டி வந்தவருக்கு சென்டர் கோர்ட் ரொம்பப் பயம் காட்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இரட்டையர் புள்ளியையும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகளை அதைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி ஆட்டத்தில் டியூஸ் (40-40) ஆனால் அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயிண்டோடு கேம் முடிந்துவிடும். சர்வீஸை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதை வாங்குகிற ஜோடி முடிவு செய்யலாம். அந்த நேரத்தில் இரண்டு பெண்களும் பின்கோட்டுக்கு அருகில் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏதோ பேசுவார்கள், பந்து வாயை மறைத்திருக்கும். ஒருத்தி கையைத் தட்டிவிட்டு வலைக்குப் போவாள். பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருக்கும் தோழி தன் ஆட்டத்துக்கு நடுவிலேயே இந்தப் பக்கம் திரும்பி ஒரு கூச்சல் போடுவாள். அந்த ஒரு பாயிண்ட் கேமைத் தீர்மானிக்கும், கேம் செட்டை, செட் இரட்டையர் புள்ளியை. அதை எடுத்த அணிக்கு ஆறு ஒற்றையரில் மூன்று போதும். விட்ட அணி நான்கு எடுக்க வேண்டும். சமபலமான இரண்டு அணிகளுக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, தரவரிசைக்கு வருவோம். பெண்களுக்கான என்சிஏஏ அணிக் கோப்பை 1982இல் தொடங்கியது. முதல் கோப்பையே ஸ்டான்ஃபர்டுக்கு. இதுவரை 20 கோப்பைகள், ஃப்ராங்க் ப்ரென்னன் பயிற்சியில் 10, அவருக்குப் பின் வந்த லெலே ஃபரூட் பயிற்சியில் 10. ஆனால் என்னைக் கவர்வது அந்த எண்ணிக்கை அல்ல. கடைசி நான்கு கோப்பைகளில் மூன்று எப்படி வந்தன என்பதுதான். 2013இல் தேசியப் போட்டி தொடங்கும்போது தரவரிசைப்படி ஸ்டான்ஃபர்டுக்குக் கொடுத்த இடம் 12. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை (டெக்சாஸ் வேறு, இது வேறு) இறுதியில் 4-3 என்று வென்றது. 2016இல் இடம் 15. ஓக்லஹோமா ஸ்டேட்டை 4-3 என்று வென்றது. 2018இல் மறுபடியும் 15, வான்டர்பில்ட்டை மறுபடியும் 4-3. மூன்று இறுதியாட்டங்களும் கடைசிக் கோர்ட் வரை இழுபட்டவை. 2019இல் மட்டும் ஜார்ஜியாவை 4-0 என்று சுலபமாக முடித்தார்கள். 15ஆம் இடத்து அணி என்றால், அந்தப் பருவம் முழுக்கச் சேர்ந்த தோல்விகளின் கணக்கு அது. அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் 2016 ஏப்ரலில் இந்தப் பெண்களை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் மகள் இதைச் சொல்லி அப்பாவை மடக்கலாம். ஆனால் அப்பாவிடமும் நல்ல பதில்கள் உண்டு.

ஒன்று, போட்டியின் அமைப்பே மாறிவிட்டது. அப்போதெல்லாம் மிஞ்சிய 16 அணிகளும் ஒரே ஊருக்கு வந்து பொதுவான இடத்தில் மோதின. 2019இலிருந்து 16 அணிச் சுற்றை, மேலே இருக்கும் அணியின் சொந்த மைதானத்தில் நடத்துகிறார்கள். கடைசி எட்டு அணிகள்தான் பொது இடத்துக்கு வரும். அதாவது முதல் 8 இடங்களுக்குள் வந்தால் மே மாதம் வீட்டிலேயே ஆடலாம். 9 என்றால் வெளியூர் போய், எதிராளியின் கூட்டத்துக்கு நடுவே, அவர்களுக்குப் பழகிய தரையில் ஜெயித்து வர வேண்டும். 15ஆம் இடத்திலிருந்து கோப்பை எடுப்பது முன்பைவிட ரொம்பக் கடினம். ஆகவே தரவரிசையில் 3க்கும் 6க்கும் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். 8க்கும் 9க்கும் பாருங்கள்.

இரண்டு, ஆள் சேர்ப்பு. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. கல்லூரி மாற நினைக்கிற வீராங்கனை பழைய கல்லூரியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பெயரைப் பதிந்துவிட்டால் மற்ற பயிற்சியாளர்கள் பேசத் தொடங்கலாம். மற்ற பெரிய அணிகள் இதில் நன்றாகவே அறுவடை செய்கின்றன. நான்காம், ஐந்தாம் கோர்ட்டில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் கோடையிலேயே இன்னொரு கல்லூரியிலிருந்து தேர்ந்த ஆளைக் கொண்டுவந்து அடைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். ஸ்டான்ஃபர்டில் இப்படி நடுவில் வந்து சேர்வது எல்லா மாணவர்களுக்குமே மிகக் கடினம், மாற்று மாணவர்களை அவர்கள் எடுப்பது மிகச் சொற்பம். பள்ளியிலிருந்து வரும் அமெரிக்கப் பெண்களைத்தான் பெரும்பாலும் நம்பி இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குக் காயம் பட்டால் இருக்கிறவர்களை வைத்தே சமாளிக்க வேண்டும். 2019க்குப் பிறகு கோப்பை எடுத்தவர்கள் பெயரைப் பாருங்கள்: 2020இல் கொரோனாவால் போட்டியே இல்லை, 2021, 2022 டெக்சாஸ், 2023 வட கரோலினா, 2024 டெக்சாஸ் ஏ அண்ட் எம், 2025 ஜார்ஜியா. வட கரோலினாவுக்கும் ஏ அண்ட் எம்முக்கும் அதுதான் முதல் கோப்பை. மேலே கூட்டம் கூடிவிட்டது.

மூன்று, பயணம். பழைய பசிபிக் கூட்டமைப்பு கலைந்து, 2024 ஆகஸ்டில் ஸ்டான்ஃபர்ட் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. முன்பு நாட்டின் மேற்குப் பகுதிக்குள்ளேயே போய் வந்தால் போதும். இப்போது வட கரோலினா, டியூக், என்சி ஸ்டேட், வர்ஜீனியா எல்லாம் ஒரே குழுவில். கண்டத்தின் மறு கரைக்குப் பறந்து, மூன்று மணி நேர வித்தியாசத்தோடு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, திரும்பி வந்து வகுப்புக்கும் போக வேண்டும். ஸ்டான்ஃபர்டில் காலாண்டு முறை வேறு. மற்ற பல கல்லூரிகளில் மே மாதம் தேர்வு முடிந்து கைவீசிக்கொண்டு வருவார்கள். இந்தப் பெண்கள் வசந்தகாலப் பாடங்களின் நட்ட நடுவில் தேசியப் போட்டி ஆடுகிறார்கள். இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் இந்தக் குழு மாற்றத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் தரவரிசை பயிற்சியாளர்களின் வாக்குகளை வைத்து வரும். பிறகு கணினிக் கணக்குக்கு மாறும். அந்தக் கணக்கில் யாரை வென்றீர்கள் என்பதுதான் முக்கியம். வலுவான குழுவில் ஆடி நான்கைந்து நல்ல வெற்றிகள் எடுத்தால் முதல் எட்டு தானாக வரும்.

எனவே ஜனவரி பட்டியலை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். பிப்ரவரியில் நடக்கும் தேசிய உள்ளரங்கப் போட்டியில் தோற்றாலும் மகள் கலங்க வேண்டாம். வெயிலிலும் காற்றிலும் பயிற்சி எடுக்கும் கலிபோர்னியா அணிக்கு உள்ளரங்கில் பந்து வேறு வேகத்தில் வரும். மே மாதப் போட்டி மழை பெய்யாதவரை திறந்த வெளியில்தான். மார்ச் நடுவில் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: இரட்டையர் ஜோடிகள் மாறாமல் நிலைத்துவிட்டனவா, ஐந்தும் ஆறும் தொடர்ந்து ஜெயிக்கின்றனவா, ஆறு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஆடுகிறார்களா. மூன்றுக்கும் ஆம் என்றால் இந்த அணி கடைசி எட்டுக்குப் போகும் என்று தைரியமாகச் சொல்வேன். கோப்பையும் எடுக்கலாம், ஆனால் அதற்கு ஜார்ஜியா, ஏ அண்ட் எம், வட கரோலினா மாதிரியான அணிகளில் இரண்டையாவது மூன்று நாளைக்குள் தாண்ட வேண்டியிருக்கும். இந்த வருஷமே நடக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வருகிறது, கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஜோடிகள் மார்ச்சிலும் மாறிக்கொண்டே இருந்தால், ஒன்றாம் கோர்ட்டில் யார் எவ்வளவு அழகாக ஆடினாலும் சரி, உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிடுவார்.

ஒரே ஆட்டம்தான் என்றால், கிழக்குக் கரையிலிருந்து ஒரு பெரிய அணி ஸ்டான்ஃபர்டுக்கு வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பருவ அட்டவணையில் அப்படி ஒன்றாவது இருக்கும். எல்லோரும் ஒன்றாம் கோர்ட்டுக்கு எதிரே உட்காருவார்கள், நீங்கள் ஐந்துக்கும் ஆறுக்கும் பக்கம் போய்விடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், ஏனென்றால் இரட்டையர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தால் அந்தப் புள்ளி யாருக்குப் போனது என்பதைப் பலகையில்தான் பார்ப்பீர்கள்.