கல்யாணமாகி கணவரோடு ஜெர்மனி போகிறேன், அங்கே ஊர் பழக என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

தென்காசிப் பக்கம் என்றும், எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்றும், அவருக்கு ப்ளூ கார்டில், அதாவது பட்டப்படிப்பு படித்த வெளிநாட்டுக்காரர்களுக்கான வேலை அனுமதியில், வேலை கிடைத்திருக்கிறது என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அம்பாசமுத்திரம், என் வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சில வருஷமாக இருக்கிறோம், இப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறோம், அதனால் நிதானமாக எழுத முடிகிறது.

எல்லாரும் குளிரையும் சாப்பாட்டையும் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். ஒரே விமானத்தில் இரண்டு பேரும் போய் இறங்கினாலும் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஊர் பழக மாட்டீர்கள். அவருக்கு முதல் திங்கட்கிழமையே ஆபீஸ், கூட வேலை பார்ப்பவர்கள், மத்தியானம் கேன்டீன், மாதம் முடிந்தால் சம்பளம் என்று ஒரு ஊர் தயாராக இருக்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த உங்களுக்குத்தான் அங்கே பேச ஆள் இருக்காது. அதனால் முதல் ஆறு மாதம் யாருக்காக எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் உங்கள் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

அப்புறம் காகித வேலை. அங்கே இன்னும் பாதி விஷயம் தபாலில்தான் நடக்கிறது. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் வேண்டும். அதன் பிறகு வரி எண், மருத்துவ இன்சூரன்ஸ் அட்டை, பேங்க் பின் நம்பர் என்று ஒவ்வொன்றாகத் தபாலில் வரும். ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர். எங்கள் பெட்டியில் ஒட்டியிருப்பது இரண்டு அப்பாக்களின் பெயரும்தான், கீழ்வீட்டுப் பாட்டி இன்றைக்கும் என் கணவரை என் மாமனார் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அதனால் சாவி வாங்கிய அன்றே உங்கள் பெயரையும் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் பேங்க் கணக்கிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவுக்குக் கொடுக்கும் முன்பே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் சரிசெய்துவிடுங்கள், அங்கே போனபிறகு ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வருகிற கடிதங்களை நீங்களே பிரித்து, மொழிபெயர்க்கும் செயலியை வைத்துப் படித்து, ஃபைலில் போடுங்கள். டிவி, ரேடியோ கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்தால் ஒருவர் ஏற்கனவே கட்டுகிறார் என்று எழுதிப் போட்டால் போதும். இந்த மாதிரி வேலைகள் சின்னதாகத் தெரியும், ஆனால் இரண்டு மாதத்தில் அந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று வேலைக்குப் போகிறவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

பாஷையைப் பற்றி. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விசாவுக்கு ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் சான்றிதழ் கேட்பதில்லை. அதை நம்பி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் போய் இறங்காதீர்கள். அவருக்கு ஆபீஸில் இங்கிலீஷ் போதும், ஆனால் ரொட்டிக் கடையிலும் டாக்டர் ரிசப்ஷனிலும் நிற்கப்போவது நீங்கள். இங்கே இருக்கும்போதே ஆன்லைனில் ஏ1 முடித்துவிடுங்கள், அங்கே போனதும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்று ஊருக்கு ஊர் இருக்கும் மக்கள் கல்விக்கூடத்தில் சேருங்கள், தனியார் வகுப்புகளைவிடச் செலவு குறைவு. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு நடத்துவதில் 600 மணி நேரம் பாஷை, 100 மணி நேரம் அந்த நாட்டுச் சட்டம், வரலாறு. எனக்கு அந்த வகுப்பு கொடுத்தது பாஷையைவிடப் பெரியது. காலையில் கிளம்பிப் போக ஒரு இடம், "நேற்று ஏன் வரவில்லை" என்று கேட்க ஒரு சிரியாக்காரி, ஒரு பிரேசில்காரி. கிளம்பும்போது எங்கள் ஆச்சி, "ஏட்டி, எங்கன போனாலும் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை பேசி வச்சிக்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். நீங்களும் செய்யுங்கள்.

வீட்டு ஃபோன் விஷயமும் சொல்லவேண்டும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்து சேரும்போது அம்பாசமுத்திரத்தில் ராத்திரி பத்தரை, எல்லாரும் படுத்திருப்பார்கள். அதனால் என் அம்மாவிடமும் சரி, அத்தையிடமும் சரி, மத்தியானத்தில் பேசுவது நான் மட்டும்தான் என்று ஆனது, இரண்டு வீட்டுக் கவலையும் என் காதில்தான் விழுந்தது. அது ஒருத்தியாகச் சுமக்க வேண்டிய காரியமில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு வீட்டுக்கும் பேசுகிறோம். அன்றைக்குக் கடைகளும் அடைப்பு, வேறு வேலையும் இருக்காது.

வீடு தேடும்போது, வெறும் வாடகை வேறு, தண்ணீர், ஹீட்டர் செலவெல்லாம் சேர்த்த வாடகை வேறு, விளம்பரத்தில் எது என்று பாருங்கள். வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் சுவரும் குழாயும்தான், அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நாம்தான் போட வேண்டும், அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். குளிர்காலத்தில் காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைக்கச் சொல்வார்கள், வெளியே பனி கொட்டினாலும். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த வீடுகள் காற்றுப் புகாமல் கட்டியவை. சோறு வடித்த ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோர்த்து, ஜன்னல் ஓரத்துச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூக்கும், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். முற்றமும் திண்ணையுமாகக் காற்றோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது தானாகத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். இலங்கைத் தமிழர்கள் 1980களிலிருந்து அங்கே இருக்கிறார்கள், அவர்கள் கடைகளில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ எல்லாம் கிடைக்கும். டின் தேங்காய்ப்பாலில் வைத்த சொதி நம் வீட்டுச் சொதிக்கு ரொம்பக் கிட்டவே வந்துவிடும், இஞ்சித் துவையல் மட்டும் தாராளமாக அரைத்துக்கொள்ளுங்கள். மிக்சி கொண்டு போகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் அடாப்டர் மட்டும் வேண்டும். அவருக்கு அரசு வழி மருத்துவ இன்சூரன்ஸ் என்றால், உங்களுக்கு வருமானம் இல்லாதவரை அவருடைய இன்சூரன்ஸிலேயே கூடுதல் கட்டணமில்லாமல் நீங்களும் சேரலாம், முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை மாதிரி சாயங்காலம் போய் டோக்கன் வாங்கி டாக்டரைப் பார்ப்பதெல்லாம் கிடையாது, உடம்பு நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டரைப் பிடித்து வைத்துவிடுங்கள்.

முடிந்தால் மார்ச், ஏப்ரலில் போய் இறங்குங்கள். நமக்கு வருஷம் முழுக்கப் பகல் பொழுது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கூடும் குறையும். அங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், வந்த புதிதில் தனியாக வீட்டில் இருப்பவருக்கு அது ரொம்பக் கஷ்டம்.

கடைசியாக, உங்கள் வேலை. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவியாகப் போகும் உங்களுக்கு வேலை பார்க்க அனுமதி உண்டு. பள்ளி ஆசிரியர் வேலை மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி, பட்டத்தை அங்கீகரிக்க வேண்டும், நல்ல ஜெர்மன் வேண்டும், நாளாகும். ஆனால் அதற்காக விட்டுவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று அனபின் (anabin) என்ற ஜெர்மன் இணையதளத்தில் இப்போதே பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்றால் பட்டச் சான்றிதழ், எல்லா மார்க் ஷீட், பாடத்திட்டத்தின் நகல் எல்லாவற்றையும் நீங்களே நேரில் அபிஷேகப்பட்டிக்குப் போய் வாங்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் உங்கள் அப்பா தென்காசியிலிருந்து பஸ் ஏறி அலைய வேண்டியிருக்கும். ஒரிஜினல்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டு போங்கள். பாடத்திட்டம் வாங்குவதில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், நான் வாங்கியிருக்கிறேன், சொல்கிறேன்.