மைக்ரோமீட்டர் சரி என்கிறது, கியர் ஏன் இரைகிறது?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சின்ன கியர் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஐடிஐ முடித்த நாலு பையன்களை, கியருக்குப் பல் வெட்டும் ஹாபிங் மெஷினில் போட்டோம். மூன்று நாலு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது, ஆனாலும் 'இரைச்சல்' என்று ஜாப் திரும்பி வருகிறது. பயிற்சி கொடுக்கலாம் என்றால் முதலாளி, 'கத்துக்கிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடிடுவானுங்க' என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பையன்கள் மேல் தப்பில்லை சார். நாலைந்து பல்லைச் சேர்த்துப் பிடித்து அளக்கும் அந்த மைக்ரோமீட்டருக்கு போர், அதாவது கியரின் நடுத்துளை, எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஹாப் என்கிற வெட்டுக்கருவி பல் வெட்டுவது மெஷின் டேபிளின் மையத்தைச் சுற்றி, கியர் ஓடப்போவதோ போரின் மையத்தைச் சுற்றி. இரண்டும் விலகினால் பல் அளவு எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒன்றாகவே காட்டும், கியர் மட்டும் சுற்றுக்கு ஒரு முறை இறுகித் தளர்ந்து இரையும்.

நான் வேலை பழகிய பட்டறையிலும் இதே கதைதான். ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது, ஃபோர்மேன் ஃபிக்சரைக் (பிடிமானத்தை) கழற்றி, பிளாங்க், அதாவது இன்னும் பல் வெட்டாத வட்டு, உட்காரும் முகத்தில் விரலால் தடவினார், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பிசிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பிளாங்க் சாய்ந்து மையம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியை மெஷின் பட்டனில் தொடங்காதீர்கள். முதல் வாரம் பிளாங்கும், ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜும் மட்டும் போதும். முகத்தைத் துடைத்து, பிளாங்கை ஏற்றி, டயல் வைத்து கையால் ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். முள் 0.10 மி.மீ. ஆடினால் மையம் 0.05 விலகியிருக்கிறது என்று அவனே சொல்ல வேண்டும். அப்புறம் வேண்டுமென்றே அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஒரு ஸ்கிராப் பிளாங்கை வெட்டவிடுங்கள். வெட்டிய கியரை மேண்ட்ரலில் (நடுத்துளையில் நுழையும் தண்டில்) மாட்டி, பல் இடுக்கில் ஒரு பின் வைத்து, டயலால் சுற்றிலும் பார்க்கட்டும். தன் கையால் கெடுத்துப் பார்த்தவன் மறக்கவே மாட்டான்.

நம்ம ஊர் வெயிலையும் சொல்லிக்கொடுங்கள். 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் 11, 12 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நீளும். மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் அது அளவே இல்லை, ஆறவிட்டு அளக்கணும்.

முதலாளிக்கு: ஓடிப்போவான் என்ற பயம் நியாயம்தான், ஆனால் பழக்காமல் வைத்திருக்கும் ஆள் தினமும் ஸ்கிராப் போடுகிறானே, அது யார் காசு? 1961 தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரன்டிஸாகப் பதிந்து எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆகணும், நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். மத்திய அரசின் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கு வரை, ஒரு வரம்புக்குள், அரசே தருகிறது. பழகியவனுக்கு அடுத்த வருடமே சம்பளத்தை ஏற்றிவிடுங்கள். வாலாஜாவில் வீடு இருக்கிறவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ரூம் வாடகை கட்ட ஆசையா என்ன?

கேள்வி: மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ. கியர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்குள் வீட்டிலிருந்தே எதைப் படிக்கலாம்?
- தாய், காட்பாடி

பதில்: தைரியமாக அனுப்புங்கள் அம்மா. மாடூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், அந்தக் கணக்கு ஒன்று போதும். பழைய இரும்புக் கடையில் ஒரு நேர்ப்பல் கியர் வாங்கிக் கொடுங்கள். பல்லை எண்ணி அதோடு 2 கூட்டி, வெளி விட்டத்தை அதால் வகுக்கட்டும். 30 பல், 96 மி.மீ. என்றால் 32-ஆல் வகுக்க மாடூல் 3. இரண்டரை, மூன்று என்று சுத்தமாக வராமல் இழுத்தால், அந்தக் கியரைப் பையில் போட்டுக்கொண்டு போய் முதல் நாளே அங்கிருக்கிற பெரியவரிடம் ஏன் என்று கேட்கட்டும்.